முதல் ஆல்பம் ஜப்பானிலிருந்தா, மேற்கிலிருந்தா? ஆறு ஆல்பங்களை எடைபோட்டுப் பார்த்தேன்

"ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்க?" இந்தக் கேள்வி எனக்கு வராத மாதம் இல்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே வாசல் வழியாக வந்தவர்கள். 2017, 2018 வாக்கில் மரியா டகேயுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்' பாட்டை யூடியூப் தானாகவே கொண்டுவந்து முன்னால் வைத்தது. யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் கறுப்பு வெள்ளைச் சிரிப்பு, அதற்குப் பின்னால் ஏழெட்டு நிமிடம் ஓயாத ஒரு தாளம். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் 1970, 80களின் ஜப்பானிய பாப். இன்னொரு பக்கம் அந்த ஜப்பானியர்கள் எதைக் கேட்டு வளர்ந்தார்களோ அந்த அமெரிக்க, பிரிட்டிஷ் பாப். எந்தப் பக்கம் முதலில் போவது என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஆல்பமும், முதலில் வாங்குங்கள் என்று நான் சொல்லும் ஆல்பமும் ஒன்றல்ல. ஏன் ஒன்றல்ல என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

எதை வைத்து எடை போடுகிறேன்

முதல் அளவுகோல், முழுதாகக் கேட்க முடிகிறதா என்பது. நாம் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள், படத்துக்கு ஐந்தாறு பாட்டு இருந்தாலும் மனதுக்குப் பிடித்த இரண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடுவோம், மீதியைப் படம் பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். இந்த ஆல்பங்கள் அப்படிச் செய்யப்பட்டவை அல்ல. நாற்பது நிமிடம் உட்கார வைக்க வேண்டும், இரண்டாம் பக்கத்தில் தொய்யக் கூடாது.

இரண்டாவது, மொழி புரியாமல் எவ்வளவு இழக்கிறோம். ஜப்பானிய ஆல்பத்துக்கு மட்டும்தான் இந்தக் கேள்வி என்று நினைக்காதீர்கள். ஆங்கிலம் தெரிந்தும் பிடிபடாத வரிகள் மேற்கில் ஏராளம்.

மூன்றாவது, விலைச் சீட்டில் எழுதாத செலவு. தபால், சுங்கம், எத்தனையாவது பதிப்பு என்ற குழப்பம், சில ஆல்பங்களுக்கு நல்ல ஹெட்போன் வாங்கியே தீர வேண்டிய நிலைமை, எல்லாம் சேர்த்து.

நான்காவது, பத்தாவது தடவை கேட்கும்போது என்ன மிஞ்சுகிறது. முதல் தடவை மயக்குவது பெரிய விஷயமில்லை.

ஒரே பார்வையில் வேண்டுமென்றால் இது:

| ஆல்பம் | கலைஞர், ஆண்டு | மொழி தெரியாமல் | கிடைப்பது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஃபார் யூ | தட்சுரோ யமஷிட்டா, 1982 | இழப்பு குறைவு | கடினம் | தபால், சுங்கம், போலி அச்சு |
| எ லாங் வெக்கேஷன் | எய்ச்சி ஓட்டாகி, 1981 | பாதி இழப்பு | எளிது | பத்தாண்டுக்கு ஒரு புதுப் பதிப்பு |
| ஃபர்ஸ்ட் லவ் | ஹிகாரு உடாடா, 1999 | இழப்பு குறைவு | எளிது | பெரிதாக இல்லை |
| ஏஜா | ஸ்டீலி டேன், 1977 | ஆங்கிலம் தெரிந்தும் புதிர் | எளிது | கேட்கும் கருவி |
| பெட் சவுண்ட்ஸ் | பீச் பாய்ஸ், 1966 | சொல் முக்கியம், எளிய ஆங்கிலம் | எளிது | மோனோவா ஸ்டீரியோவா குழப்பம் |
| ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ் | கேட் புஷ், 1985 | கதை தெரிந்தால் போதும் | எளிது | தனிமையும் நேரமும் |

'பிளாஸ்டிக் லவ்' இருக்கும் 'வெரைட்டி' (1984) ஏன் இதில் இல்லை என்று கேட்பீர்கள். நல்ல ஆல்பம், எல்லாப் பாட்டும் அவரே எழுதியவை. ஆனால் அந்த ஒரு பாட்டின் சாயலைத் தேடி வாங்குபவர்கள், மற்றவற்றில் 1960களின் பாப் வாசனை அடிப்பதைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். பல பேரிடம் பார்த்துவிட்டேன். மூன்றாவது நான்காவதாக வாங்குங்கள், அப்போது அது வேறு ஆல்பமாகக் கேட்கும்.

ஃபார் யூ: எனக்கு உயிர், உங்களுக்கு முதலாவது அல்ல

முதல் பாட்டு 'ஸ்பார்க்கிள்'. ஒரு கிட்டார் தனியாக, நறுக் நறுக்கென்று வெட்டி வெட்டித் தொடங்குகிறது. அதை வாசிப்பது யமஷிட்டாவே. அந்தச் சில நொடிகளுக்குள் வெயில் வந்துவிடுகிறது, கடல் வந்துவிடுகிறது, அப்புறம் ஜுன் அவோயமாவின் டிரம்ஸும் கோகி இட்டோவின் பேஸும் உள்ளே நுழையும்போது நாற்காலியில் சும்மா உட்கார முடியாது. சினிமாப் பாட்டிலும் பேஸ் கிட்டார் என்ன செய்கிறது என்று தனியாகக் காது கொடுத்துக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள் என்றால், இந்த ஆல்பம் உங்களுக்காகவே போட்டதுபோல் இருக்கும்.

பாட்டுகளுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளித் துண்டுகள் வரும், வாத்தியம் எதுவும் இல்லாமல் அவர் குரலையே பல தடவை பதிந்து அடுக்கியவை. முதலில் இவை எதற்கு என்று தோன்றும். பத்தாவது தடவையில் இவை இல்லாமல் அடுத்த பாட்டுக்குள் போகவே முடியாது. கடைசிப் பாட்டு 'யுவர் ஐஸ்' முழுக்க ஆங்கிலம், எழுதியவர் அமெரிக்கரான ஆலன் ஓ'டே. மற்றவை ஜப்பானிய மொழிதான், இருந்தும் குரலே வாத்தியமாக ஓடுவதால் பொருள் தெரியாதது ஒரு குறையாக எனக்கு இதுவரை பட்டதில்லை. எய்ஸின் சுஸுகி வரைந்த அட்டை வேறு. அந்தக் கடையும் அந்த வானமும் இருக்கும் ஊருக்கே போய்விடலாமா என்று இருக்கும்.

சரி, பிறகு ஏன் முதலாவது அல்ல? ஏனென்றால் இதைக் கேட்பதே ஒரு வேலை. யமஷிட்டா தன் ஆல்பங்களை ஸ்ட்ரீமிங்குக்குக் கொடுக்காதவர், தன் வாழ்நாளில் அநேகமாக அது நடக்காது என்று 2022இல் வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே எல்பி தட்டு வாங்க வேண்டும், அல்லது சிடி. 2002இல் சீரமைத்த சிடி ஒன்று உண்டு, 2023இல் ஜப்பானில் எல்பியும் கேசட்டும் மறுபடி அச்சானது. இரண்டுமே ஜப்பானிலிருந்துதான் வர வேண்டும். தட்டின் விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால் போதாது. ஜப்பானில் ஒரு இடைத்தரகர் வாங்கி அனுப்பினால் அவர் கூலி, எடை பார்த்துத் தபால், இங்கே இறங்கியதும் சுங்கம், எல்லாம் கூட்டிப் பார்க்கும்போது தட்டு ஒரு பங்கு என்றால் வழிச்செலவு இன்னொரு பங்கு ஆகிவிடும். நான் முதலில் தருவித்த பிரதி மழைக்காலத்தில் வந்து சேர்ந்தது, அட்டையின் ஒரு மூலை நனைந்து உப்பியிருந்தது, விற்றவர் பதிலே போடவில்லை. அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனது வலிக்கிறது. இந்த வகை இசைக்கு மவுசு கூடிய பிறகு அனுமதியில்லாமல் அச்சடித்த தட்டுகளும் சுற்றுகின்றன, விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

யாருக்கு இதுதான் சரி: ஏற்கெனவே பிளேயர் இருக்கிறது, காத்திருக்கப் பொறுமை இருக்கிறது, இன்னும் கேட்காமலேயே இதன் மேல் ஆசை வந்துவிட்டது என்றால். அப்படிப்பட்டவரிடம் வேறு எதையும் சொல்லிப் பயனில்லை.

எ லாங் வெக்கேஷன்: நான் முதலில் கொடுப்பது

1981 மார்ச் 21இல் வந்தது. ஓட்டாகிதான் 1975இல் யமஷிட்டா இருந்த 'ஷுகர் பேப்' குழுவின் ஒரே ஆல்பத்தைத் தன் 'நயாகரா' லேபிளில் வெளியிட்டவர், அந்த வகையில் மேலே சொன்னதற்கு இது மூத்த வீடு. பல அகூஸ்டிக் கிட்டார்கள், பல பியானோக்கள், எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே நேரத்தில் வாசிக்க வைத்துப் பதிந்த ஒலி. 60களில் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் அமெரிக்காவில் செய்ததை இவர் டோக்கியோவில், தன் மென்மையான குரலுக்கு ஏற்ப மாற்றிச் செய்தார். ஹிரோஷி நகாய் வரைந்த அட்டையில் வெயிலும் நீலமும் மட்டும், ஆள் ஒருவர்கூட இல்லை.

மொழி என்ற அளவுகோலில் இந்த ஆல்பம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. முதல் பாட்டு 'கிமி வா டென்னென்ஷோகு'. கேட்டால் திருவிழா போல இருக்கும். இதற்கு வரிகள் எழுதியவர் டகாஷி மாட்சுமோட்டோ, ஓட்டாகியோடு 'ஹாப்பி எண்ட்' குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். ஆல்பத்துக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய தங்கை இறந்துபோனாள். என்னால் எழுத முடியாது, வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்று அவர் சொல்ல, நீ எழுதும்வரை காத்திருக்கிறேன் என்று ஓட்டாகி வெளியீட்டையே தள்ளிவைத்தார். நிறமிழந்துபோன நினைவுக்கு மறுபடி நிறம் கேட்கிற பாட்டு அது. இது தெரியாமல் நான் ஒரு வருடம் அதைக் காலையில் பல் துலக்கும்போது உற்சாகத்துக்காகப் போட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகு அதே பாட்டு, அதே மணியோசை, ஆனால் தொண்டையில் ஏதோ நிற்கிறது. மொழி தெரியாமல் கேட்டால் பாதி இழப்பு என்று அட்டவணையில் போட்டது இதனால்தான். மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்துவிட்டு ஒருமுறை கேளுங்கள்.

கிடைப்பதில் பிரச்சினை இல்லை. ஓட்டாகி 2013 டிசம்பர் 30இல் இறந்தார், ஆல்பத்தின் 40ஆம் ஆண்டான 2021இல், அதே மார்ச் 21 அன்று, அவருடைய பாட்டுகள் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தன. ஆகவே வாங்குவதற்கு முன் முழுதாகக் கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாம், ஃபார் யூவுக்கு இந்த வசதி இல்லை. இதில் ஒளிந்திருக்கும் செலவு வேறு மாதிரி: 20ஆம் ஆண்டுப் பதிப்பு, 30ஆம் ஆண்டுப் பதிப்பு, 40ஆம் ஆண்டுப் பெட்டி என்று ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்று வரும். எல்லாவற்றையும் வாங்கத் தொடங்கினால் முடிவே இல்லை. ஒன்று போதும். சிடி என்றால்கூட இதற்குப் பொருத்தம்தான், 1982 அக்டோபர் 1 அன்று உலகில் முதன்முதலாக ஜப்பானில் சிடிக்கள் கடைக்கு வந்தபோது, அந்த முதல் ஐம்பது தலைப்புகளில் இதுவும் ஒன்று.

ஃபர்ஸ்ட் லவ்: உங்களுக்கு முப்பது வயதுக்குள் என்றால்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு அதிக வாதம் தேவையில்லை. 1999 மார்ச்சில் வந்தபோது உடாடாவுக்கு 16 வயது. ஜப்பானில் இதுவரை மிக அதிகமாக விற்ற ஆல்பம், 70 லட்சத்துக்கும் மேல். நியூயார்க்கில் பிறந்தவர், தாயார் கேய்கோ ஃபுஜி எங்கா என்ற பழைய பாணி ஜப்பானியப் பாட்டின் புகழ்பெற்ற பாடகி, இரண்டும் குரலில் கேட்கிறது, அமெரிக்க ஆர் அண்ட் பி தாளத்தின் மேல் பழைய ஜப்பானிய ஏக்கம். வரிகளில் ஆங்கிலமும் ஜப்பானியமும் கலந்தே வருவதால் பிடிமானம் கிடைத்துவிடும். ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறது, பழைய சிடியும் மலிவு. தலைப்புப் பாட்டும் 'ஆட்டோமேட்டிக்'கும் எங்கேயும் போகாது. ஆனால் நடுவில் சில பாட்டுகள் 90களின் இறுதியிலேயே தங்கிவிட்டன, முழு ஆல்பமாக மற்ற ஐந்தோடு நிறுத்தினால் இது கொஞ்சம் பின்தங்குகிறது. 80களின் பாப் என்றாலே தாத்தா காலம் என்று நினைக்கிற தம்பி தங்கைக்குக் கொடுக்க இதைவிட நல்லது இல்லை.

ஏஜா: காதுக்கு விருந்து, ஆனால் கருவி கேட்கும்

அட்டையைப் பாருங்கள். இருட்டில் ஒரு பெண்ணின் முகமும் உடையின் சிவப்புக் கோடும். அவர் ஜப்பானிய மாடல் சயோகோ யமகுச்சி, படம் எடுத்தவர் ஹிடேகி ஃபுஜி. மேற்கத்திய ஆல்பம் என்று எடுத்தால் முகப்பிலேயே ஜப்பான் நிற்கிறது.

ஏழே பாட்டு, நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, ஒன்றுகூட வீண் இல்லை. ஸ்டீலி டேனின் டொனால்ட் ஃபேகனும் வால்டர் பெக்கரும் ஒரு சோலோவுக்காகக் கலைஞர்களை மாற்றி மாற்றி வாசிக்க வைத்தவர்கள். 'பெக்' பாட்டின் கிட்டார் சோலோவுக்குப் பலர் வந்து முயன்று, கடைசியில் ஜே கிரேடன் வாசித்ததுதான் நின்றது. தலைப்புப் பாட்டில் வேய்ன் ஷார்ட்டரின் சாக்ஸஃபோன், அதற்கடியில் ஸ்டீவ் கேட் டிரம்ஸில் ஆடுகிற ஆட்டம், அதை எத்தனை தடவை கேட்டாலும் அடுத்த அடி எங்கே விழும் என்று என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஒலிப்பதிவுக்காகவே கிராமி வாங்கிய ஆல்பம்.

சிக்கலும் அங்கேதான். போனின் ஸ்பீக்கரில் கேட்டால் இது ஹோட்டல் லாபியில் ஓடுகிற பாட்டு போல இருக்கும், இதில் என்ன இருக்கிறது என்று மூடிவிடுவீர்கள். நடுத்தரமான ஒரு ஹெட்போனாவது இல்லாமல் இதற்குப் பணம் போடாதீர்கள். வரிகள் புதிராக இருக்கும், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இவை யாரைப் பற்றி என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மனம் உருக வேண்டும் என்று வருபவருக்கு இது எட்டி நிற்கும். எனக்கும் பல நாள் எட்டித்தான் நின்றது, 'டீக்கன் ப்ளூஸ்' ஒரு இரவில் திடீரென்று உள்ளே விட்டது.

ஃபார் யூ கிடைக்கவில்லை, அந்த மாதிரி பளபளப்பும் கச்சிதமும் இப்போதே வேண்டும் என்றால் இதைவிட நெருக்கமானது மேற்கில் இல்லை.

பெட் சவுண்ட்ஸ்: யமஷிட்டாவின் தாய்வீடு

1972இல், யாருக்கும் பெயர் தெரியாத காலத்தில், யமஷிட்டா நண்பர்களோடு சேர்ந்து சொந்தச் செலவில் ஒரு தட்டு போட்டார். நூறே பிரதிகள். தலைப்பே பீச் பாய்ஸின் ஒரு பாட்டின் பெயர். 1984இல் வந்த 'பிக் வேவ்' ஆல்பத்திலும் அவர்களுடைய பாட்டுகளைத் தானே பாடிவைத்தார். ஃபார் யூவின் குரல் அடுக்குகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால் இந்த வீட்டு வாசலில்தான் வந்து நிற்போம். ஓட்டாகியின் ஹாப்பி எண்டும் 1972இல் லாஸ் ஏஞ்சலஸ் போய்த் தங்கள் மூன்றாவது ஆல்பத்தைப் பதிந்தபோது, ஒரு பாட்டுக்குக் கூட உழைத்தவர் வேன் டைக் பார்க்ஸ், பெட் சவுண்ட்ஸுக்கு அடுத்து பீச் பாய்ஸின் பிரையன் வில்சன் தொடங்கி முடிக்காமல் விட்ட ஆல்பத்துக்கு வரிகள் எழுதியவர். ஆகவே ஜப்பானா மேற்கா என்று இரண்டு கட்சியாகப் பிரித்துக் கேட்பவர்களிடம் நான் இந்த ஆல்பத்தைத்தான் காட்டுவேன்.

1966 மே மாதம் வந்தபோது பிரையன் வில்சனுக்கு 23 வயது. விளம்பர நிறுவனத்தில் எழுதிக்கொண்டிருந்த டோனி ஆஷரைக் கூட்டிவந்து வரிகள் எழுத வைத்தார். வளர்ந்துவிட்டோமே என்ற பயம், நம்மை நேசிப்பவர் போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்வி, இதெல்லாம் பள்ளி ஆங்கிலத்திலேயே புரியும். சைக்கிள் ஹாரன், காலி கோலா டப்பா, கடைசியில் ரயில் போகும் சத்தமும் அவர் நாய்கள் குரைப்பதும், எல்லாம் இசையோடு இசையாக. மொத்தம் 36 நிமிடம்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. பிரையனுக்கு வலது காது கேட்காது, ஆல்பத்தை மோனோவில்தான், அதாவது இடம் வலம் பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒன்றாக வரும்படிதான், முடித்தார். ஸ்டீரியோ கலவை 1990களில் வந்தது. இரண்டும் கடையில் இருக்கும், அட்டையும் ஒன்றே. முதல் தடவைக்கு மோனோ வாங்குங்கள், எல்லா வாத்தியமும் ஒன்றாகக் கரைந்து, எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு புது நிறமாக வரும். ஸ்டீரியோவில் அந்தக் கரைசல் கொஞ்சம் பிரிந்துவிடுகிறது, அதை இரண்டாவதாகக் கேட்டால்தான் அழகு. இன்னொரு எச்சரிக்கை: முதல் மூன்று தடவை இது சாதாரணமாகத் தோன்றலாம். பொறுங்கள். 2025 ஜூனில் பிரையன் இறந்த செய்தி வந்த இரவு நான் வேறு எதையும் போடவில்லை.

ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்: இரவும் தனிமையும் இருந்தால்

முதல் பக்கம் ஐந்து பாட்டு, எல்லாமே தனித்தனியாக நிற்கும். அதில் 'ரன்னிங் அப் தட் ஹில்' ஒரு தொலைக்காட்சித் தொடரால் 2022இல், 37 ஆண்டுகளுக்குப் பிறகு, பிரிட்டனில் முதலிடம் பிடித்ததை எல்லாரும் அறிவார்கள். அதோடு நிறுத்திவிட்டவர்களுக்காகத்தான் இந்தப் பகுதி. இரண்டாம் பக்கத்தின் ஏழு பாட்டும் ஒரே கதை: இரவு, கடல், லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் தனியாக மிதக்கும் ஒரு பெண். தூங்கினால் செத்துப்போவாள். தூக்கம் வருகிறது, நினைவுகள் வருகின்றன, பனிக்கட்டிக்கு அடியில் தன்னையே பார்க்கிறாள், வீட்டுக்குப் போய்வருகிறாள், ஆனால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பெற்றோர் வீட்டுக் களஞ்சியத்தில் தானே கட்டிய ஸ்டூடியோவில், ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவியோடு, யாரும் மணிக்கணக்கு பார்க்காமல் கேட் புஷ் இதைச் செய்தார்.

இதை ஷஃபிளில் போட்டால் வெறும் சத்தம். பேருந்தில் பாதி, வீட்டில் பாதி என்றும் கேட்க முடியாது. அரைமணி நேரம் யாரும் கூப்பிடாத இடம் வேண்டும், இதுதான் இதன் உண்மையான விலை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதை முதல் ஆல்பமாக நான் சொல்ல மாட்டேன். அது கிடைக்கிறவர்களுக்கு இந்த ஆறிலும் ஆழம் கூடியது இதுவே, எனக்குத் தயக்கமே இல்லை.

அப்போது எதை வாங்குவது

ஒன்றே ஒன்று, அதுவும் முதலாவது என்றால் எ லாங் வெக்கேஷன். கேட்டுப் பார்த்து வாங்கலாம், விலை எட்டும், ஜப்பானும் அமெரிக்காவும் ஒரே தட்டில் இருக்கின்றன, பொருள் தெரிந்த பிறகு இன்னொரு ஆல்பமாக மாறுகிறது. இரண்டு வாங்கலாம் என்றால் கூடவே பெட் சவுண்ட்ஸ் மோனோ, இந்த வரிசையிலேயே கேளுங்கள். நல்ல ஹெட்போன் ஏற்கெனவே இருந்து, இசைக் கருவி ஏதாவது வாசிப்பவராகவும் இருந்தால் இந்த வரிசையை மாற்றி ஏஜாவில் தொடங்கலாம்.

ஃபார் யூவுக்குத் தனியாகப் பணம் சேருங்கள். ஜப்பானிலிருந்து யாராவது நேரில் வருகிறார்கள் என்றால் அவர்களிடம் சொல்லி எடுத்துவரச் சொல்வதுதான் மலிவு, பாதுகாப்பும்கூட, சிடியாக இருந்தால் பையில் எடையே தெரியாது. எல்பி என்றால் அட்டையின் இடது ஓரத்தில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையோடு கேளுங்கள், ஓபி என்பார்கள். வந்ததும் அதைக் கிழித்துவிடாமல் மெதுவாக உருவி எடுத்து உள்ளே வையுங்கள்.